பால் கசிவு குறித்து மகளுக்கு எழுதியது

அன்பு மகளுக்கு,

கருவுறாத நிலையில் உன் இரு மார்பிலிருந்தும் பால் போன்ற திரவம் கசிகிறது என்று தொலைபேசியில் நீ சொன்னபோது, அந்தச் செய்தியைவிட அதைச் சொல்வதற்கு நீ பட்ட கூச்சமே என்னை அதிகம் உறுத்தியது. பெண்கள் பிரிவில் செவிலியராக இருந்தவளின் மகளுக்கே இவ்வளவு தயக்கம் என்றால், மற்ற பெண்கள் உள்ளாடைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு இதை மாதக்கணக்கில் மறைப்பதில் வியப்பில்லை. பேச்சில் பாதியில் நின்றுபோனவற்றை எழுத்தில் நிதானமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். இதை மருத்துவரிடம் போவதற்கு முன்பு ஒரு முறை முழுதாகப் படித்துவிடு.

நீ கேட்காமல் கேட்ட கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். இரு பக்கமும், காம்பின் பல துளைகளிலிருந்து, வெண்மையாக வருகிற கசிவுக்கு மார்பகப் புற்றுநோய் காரணமாக இருப்பது மிக அரிது. ஒரே மார்பில், ஒரே துளையிலிருந்து, தொடாமலே தானாக வடிவதும், இரத்தம் கலந்தோ நீர்போலத் தெளிவாகவோ வருவதும், கூடவே கட்டியோ தோல் சுருக்கமோ காம்பு உள்ளிழுத்தலோ இருப்பதும் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு மார்பக அல்ட்ராசவுண்டும், வயதைப் பொறுத்து மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் தாமதமின்றித் தேவைப்படும். நீ சொன்ன அடையாளங்கள் அந்த வகையில் இல்லை. ஆனாலும் மருத்துவர் ஒரு முறை கையால் பரிசோதித்து உறுதி செய்யட்டும்.

பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற ஹார்மோன், மூளையின் அடிப்பகுதியில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. அந்தச் சுரப்பியின் பெரும்பாலான ஹார்மோன்கள் மேலிருந்து தூண்டுதல் வந்தால்தான் சுரக்கும். புரோலாக்டினோ, தடுத்து வைத்தால்தான் அடங்கி இருக்கும். சுரப்பிக்கு மேலே இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற மூளைப்பகுதி இடைவிடாமல் அனுப்பும் டோபமின் என்ற வேதிப்பொருள்தான் அந்தத் தடுப்பு. அது ஏதோ ஒரு காரணத்தால் தளரும்போது புரோலாக்டின் ஏறுகிறது, மார்பும் பிள்ளை பெற்றதாக எண்ணிக்கொண்டு பாலைச் சுரக்கிறது. ஆகவே கசிவை நிறுத்துவது எப்படி என்று கேட்பதற்கு முன், தடுப்பு ஏன் தளர்ந்தது என்று கேட்பதே சரியான வரிசை.

அதற்கான விடை பலருக்கு மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது. வாந்தியையும் வயிற்று உப்புசத்தையும் அடக்கத் தரப்படும் டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, லெவோசல்பிரைடு ஆகிய மூன்றும் டோபமினின் வேலையைத் தடுப்பவை. வயிற்று எரிச்சலுக்கு நீ அடிக்கடி ஒரு மாத்திரை போட்டுக்கொள்வாய் அல்லவா? அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ ஒரே மாத்திரையில் சேர்ந்தே இருப்பது உண்டு. பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை விட்டுவிட்டு, அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரைப் படித்துப் பார். சில நாட்களுக்கென்று எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தாமாகவே வாங்கி வருடக்கணக்கில் விழுங்குபவர்கள், அதை ஒரு மருந்தாகவே கணக்கில் வைப்பதில்லை. மருத்துவர் கேட்டால்கூட ‘நான் எந்த மருந்தும் சாப்பிடுவதில்லை’ என்றுதான் சொல்வார்கள். மனநோய்க்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், இரத்த அழுத்தத்துக்கான மெத்தில்டோபா, வெராபமில், ஓபியாய்டு வகை வலிநிவாரணிகள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் ஆகியவையும் இதைச் செய்யக்கூடும். மூலிகை என்று சொல்லி விற்கும் பொடிகளையும் பட்டியலில் எழுது. எனக்குக் காட்ட வேண்டாத மாத்திரை ஏதாவது அதில் இருந்தால், எனக்குக் காட்டாதே; மருத்துவரிடம் மறைக்காதே.

மருந்துதான் காரணம் என்று தோன்றினால், அதை மூன்று நாட்கள் நிறுத்தியோ வேறு மருந்துக்கு மாற்றியோ மறுபடியும் இரத்தம் சோதிப்பது வழக்கம். அதையும் மருந்து எழுதியவரின் ஒப்புதலோடுதான் செய்ய வேண்டும். மனநல மருந்தைக் கசிவுக்குப் பயந்து திடீரென்று நிறுத்திவிட்டு, அடங்கியிருந்த நோய் திரும்பியவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அந்த மருந்துகளிலேயே புரோலாக்டினை அதிகம் ஏற்றாதவையும் உண்டு.

மருத்துவமனையில் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். ‘என்னைச் சந்தேகப்படுகிறார்கள்’ என்று நீ கொதித்துவிடாதே. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் கேள்வி கேட்காமல் செய்ய வேண்டிய முதல் சோதனை அதுதான்; அதைச் செய்யாமல் விடுவதே பணியில் குறை. அதோடு தைராய்டுக்கான டி.எஸ்.எச். அளவும், சிறுநீரகச் செயல்பாடும் பார்ப்பார்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தால், அதை எழுப்புவதற்காக ஹைபோதலாமஸ் அனுப்பும் டி.ஆர்.எச். என்ற ஹார்மோன் புரோலாக்டினையும் சேர்த்துத் தூண்டிவிடும். நீண்ட நாள் கவனிக்காத தைராய்டுக் குறைவில் பிட்யூட்டரியே வீங்கி, ஸ்கேனில் கட்டிபோலத் தெரிவதும் உண்டு. தைராக்சின் மாத்திரை கொடுத்தால் அந்த வீக்கம் வற்றிவிடும். மூளை ஸ்கேனுக்கு ஓடுவதற்கு முன் இந்தச் சிறிய இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

புரோலாக்டின் அளவு நம் மனநிலைக்கேற்பவும் ஆடக்கூடியது. தூக்கத்தில் ஏறும், பதற்றம், உடற்பயிற்சி, உடலுறவு, காம்பைத் தொடுதல், ஊசிக்குப் பயப்படுதல் ஆகியவற்றாலும் சற்று ஏறும். எனவே விழித்தெழுந்து ஓரிரு மணி நேரம் கழித்து, ஓடி வந்த மூச்சு அடங்கியபின் இரத்தம் கொடு. கருவுறாத பெண்களுக்குப் பொதுவாக மில்லிலிட்டருக்கு 25 நானோகிராம் வரை இயல்பு என்பார்கள். சில ஆய்வகங்கள் வேறு அலகில் ஏறத்தாழ 21 மடங்கு பெரிய எண்ணாகக் கொடுக்கும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இணையத்தில் தேடிப் பயந்துபோகாதே, பக்கத்தில் இருக்கும் அலகையும் படி. அளவு சற்றே கூடியிருந்தால் மறுமுறை சோதிப்பதே முறை. கசிவோ மாதவிடாய்க் கோளாறோ இல்லாமல் எண் மட்டும் கூடியிருப்பவர்களில் சிலருக்கு, மேக்ரோபுரோலாக்டின் என்ற, உடலில் பெரிதாக வேலை செய்யாத பெரிய மூலக்கூறுதான் கணக்கில் ஏறியிருக்கும்.

அளவு மிகவும் கூடியிருந்தாலோ, வேறு காரணம் எதுவும் அகப்படாமல் கூடியே இருந்தாலோ, பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். 200 நானோகிராமைத் தாண்டினால் புரோலாக்டினோமா என்ற கட்டியின் மேல் ஐயம் வலுக்கும். ‘மூளையில் கட்டி’ என்று கேட்டவுடன் வீடே இடிந்து உட்கார்ந்துவிடுகிறது. உண்மையில் அது மூளைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் வளர்வது, ஏறக்குறைய எப்போதுமே புற்றுநோயற்றது, பெண்களிடம் பெரும்பாலும் 10 மில்லிமீட்டருக்கும் சிறியது. அறுவை சிகிச்சை இல்லாமல் மாத்திரையாலேயே சுருங்கும் கட்டிகள் உடலில் அதிகம் இல்லை. இது அவற்றில் ஒன்று. டோபமினைப் போலவே வேலை செய்யும் கேபர்கோலினை வழக்கமாக வாரத்தில் இரு முறையும், புரோமோகிரிப்டினைத் தினமும் கொடுப்பார்கள். தொடக்கத்தில் குமட்டலும், எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றலும் வரலாம் என்பதால் சிறிய அளவில் தொடங்கி, உணவோடு இரவில் போடச் சொல்வார்கள். அரிதாகச் சிலருக்குச் சூதாட்டம், அளவற்ற செலவு என்று மனம் கட்டுப்பாடு இழப்பதும் உண்டு. அது மாத்திரையின் வேலை என்று தெரியாமல் குணக்கேடு என்று பழி சுமத்துவார்கள். மனித உடலில் புரோலாக்டின் தனி ஹார்மோனாக இருக்கிறது என்பதே 1970-ஐ ஒட்டித்தான் உறுதியாயிற்று. அதற்கு முந்தைய தலைமுறைப் பெண்களுக்கு எத்தனை காரணங்களைக் கற்பித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

கட்டி பெரிதாக இருந்தால், அதற்கு மேலே குறுக்காகச் செல்லும் பார்வை நரம்புகளை அழுத்தும். நேரே பார்க்கையில் இரு ஓரங்களும் மங்குவது, கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டே இருப்பது, விடாத தலைவலி ஆகியவை இருந்தால் முன்பதிவுத் தேதிக்குக் காத்திருக்காதே. திடீரென்று கடும் தலைவலியோடு பார்வை குறைந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடு.

உன் மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது என்று நீ போகிற போக்கில் சொன்னாய். எனக்குப் பாலைவிட அதுதான் முக்கியமாகப் படுகிறது. கூடிய புரோலாக்டின் கருமுட்டை வெளிப்படுவதைத் தடுக்கும், ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும். அது நீண்ட நாள் நீடித்தால் எலும்பின் அடர்த்தி குறையும். உன் அத்தைமார் கேட்கப்போகும் ‘பிள்ளை பிறக்குமா’ என்ற கேள்விக்கும் இங்கேயே விடை எழுதிவிடுகிறேன்: அளவு இயல்புக்கு வந்தவுடன் பெரும்பாலான பெண்களுக்குக் கருமுட்டை மீண்டும் வெளிப்படத் தொடங்கும். சில சமயம், மீண்டும் வரும் முதல் மாதவிடாய்க்கு முன்பே அது நடந்துவிடும் என்பதையும் நீ அறிந்திருப்பது நல்லது.

எல்லாச் சோதனையும் இயல்பாக வந்து, மாதவிடாயும் ஒழுங்காகி, கசிவு மட்டும் கொஞ்சம் மிஞ்சினால், அதற்கு மருந்தே தேவையில்லாமல் போகலாம். அப்படிக் காரணம் பிடிபடாதவர்கள் குறைவல்ல. அதுவரை ஒரு காரியம் மட்டும் செய்யாதே: ‘இன்னும் வருகிறதா’ என்று காம்பைப் பிதுக்கிப் பார்க்காதே. அந்தத் தொடுதலே நரம்பு வழியாகச் சென்று புரோலாக்டினை எழுப்பும். உரசும் இறுக்கமான உள்ளாடையைத் தவிர். மார்பில் அக்கி, தீக்காயம், அறுவை சிகிச்சைத் தழும்பு ஏதாவது இருந்தாலும் அதே நரம்பு வழியே கசிவு வரலாம் என்பதால், உனக்கு வந்த அக்கியையும் மருத்துவரிடம் சொல்.

மகப்பேறு மருத்துவரிடமே தொடங்கு. தேவைப்பட்டால் அவரே நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அனுப்புவார். கடைசி மூன்று மாதவிடாய்த் தேதிகளையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல். அப்பாவிடம் நானாக எதுவும் சொல்லவில்லை, சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். புரோலாக்டின், டி.எஸ்.எச். முடிவுகள் வந்ததும் அலகு தெரியும்படி படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா