நாலாம் நாளைத் தாண்ட விடாதீர்கள்

மதுரை மாவட்டச் சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்துவிடுகிறார். அது நெஞ்சில் இறங்கி நிமோனியாவாகிவிட்டால், இளைப்பு, அதாவது ஆஸ்துமா, உள்ளவரின் வீட்டார் மற்றவர்களைவிட அதிகமாகக் கலங்கிப்போகிறார்கள். ஏற்கெனவே மூச்சுக்குத் திணறுகிறவர் இனிப் பிழைப்பாரா என்பதுதான் முதலில் எழும் கேள்வி. என் தாயாருக்கு ஆக்சிஜன் வைத்திருந்த ஒன்பது நாட்களும் நான் அந்தக் கேள்வியோடுதான் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கான பதிலைப் பிற்பாடு தேடிப் படித்தபோது வியப்பும் வருத்தமும் சேர்ந்தே வந்தன. 2009ஆம் ஆண்டு பரவிய எச்1என்1 என்ற பன்றிக் காய்ச்சலின்போது பிரிட்டனில் 75 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 1,520 பேரின் பதிவுகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தது. சேரும்போதே ஆக்சிஜன் தேவைப்பட்டவர்கள் ஆஸ்துமா நோயாளிகளில் நூற்றுக்கு 36 பேர், மற்றவர்களில் 26 பேர். நிமோனியா இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில், நூற்றுக்கு 17 பேருக்கு இருந்தது. ஆனால் நிலை முற்றித் தீவிர சிகிச்சைக்குப் போனவர்களும் இறந்தவர்களும் சேர்த்து ஆஸ்துமா நோயாளிகளில் நூற்றுக்கு 11 பேர் மட்டுமே. மற்றவர்களில் ஏறத்தாழ 20 பேர்.

ஆஸ்துமா ஒரு கவசம் என்று இதற்குப் பொருளல்ல. ஆய்வாளர்கள் கண்ட காரணங்கள் இரண்டு: ஆஸ்துமா நோயாளிகளில் பலர் ஸ்டீராய்டு இன்ஹேலரை முன்பிருந்தே எடுத்துவந்தார்கள், நோய் கண்ட நான்கு நாட்களுக்குள் மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள். வைரஸ் தாக்கும்போது மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி அடைக்கிறது. அந்த வீக்கத்தை நாள்தோறும் அடக்கிவைப்பதுதான் இந்த இன்ஹேலரின் வேலை. நோய் கட்டுக்குள் இல்லாதவர்களின் நிலை வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். கோவிட் காலத்தில் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வொன்றில், நோய் கட்டுப்படாமல் அண்மையில் ஸ்டீராய்டு மாத்திரை எடுக்க நேர்ந்த ஆஸ்துமா நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் கூடியிருந்தது.

என் தாயார் விஷயத்தில் அந்த இரண்டுமே தலைகீழாக நடந்தன. காய்ச்சல் கண்ட அன்றே, 'பம்பு அடித்தால் சளி உள்ளேயே கட்டிக்கொள்ளும்' என்று அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டு இன்ஹேலரை நிறுத்திவிட்டார். ஊரிலுள்ள ஒரு கிளினிக்கில் நாளுக்கோர் ஊசியாகப் போட்டுக்கொண்டு ஏழாம் நாள்தான் மதுரைக்கு வந்தோம். அவர் பிழைத்தார். அதே வாரத்தில் பக்கத்துப் படுக்கையில் இருந்த இளைப்புக்கார அம்மா பிழைக்கவில்லை. அவரும் மருந்தை நிறுத்திவிட்டு வந்தவர் என்று அவருடைய மகன் சொல்லி அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே வார்டுக்கு வருமுன்பே செய்ய வேண்டியவற்றை உங்களிடம் கேட்கிறேன். வீக்கத்தை அடக்கும் இன்ஹேலர் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மழைக்காலம் முழுவதும் தட்டுப்பாடில்லாமல் இருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கொண்டுவரும் அதே பையில் இதற்கும் இடம் கொடுங்கள். இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயம் எங்கள் ஊர்களில் ஆழமாக வேரோடியிருக்கிறது. சுவரொட்டி அதைப் போக்காது, கிராம சுகாதார செவிலியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இழுத்துக் காட்டினால் போகும். காய்ச்சல் வந்தால் மருந்தை நிறுத்தக் கூடாது, மூச்சு வாங்கினால் நாலாம் நாள் வரைகூடப் பார்த்துக்கொண்டிருக்காமல் வர வேண்டும் என்று அவர் வாயால் சொல்லட்டும். ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும் என்பது உங்களுக்குத் தெரியும். காய்ச்சல் முகாம்களில் 'இளைப்பு உண்டா' என்று முதலிலேயே கேட்டு, உள்ளவர்களைத் தனியே பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஆண்டுதோறும் போட வேண்டிய ஃப்ளூ தடுப்பூசியை ஐப்பசிக்கு முன்பே இவர்களுக்குப் போட்டுவிட வேண்டும்.

என் தாயார் இப்போது காலையும் மாலையும் இன்ஹேலர் எடுத்து வாய் கொப்பளிக்கிறார். கையில் இருப்பது கார்த்திகைப் பாதிவரை வரும். அடுத்ததை எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்ற பதிலை உங்களிடமிருந்து எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
இளைப்பு நோயுள்ள ஒரு தாயின் மகள்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.