கம்பத்தில் தொங்குவது கமரா இல்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர், "கவுன்சில்காரர் லைட் போஸ்ட் எல்லாம் ஏதோ குழாய் கட்டிவிட்டுப் போகிறார்கள், பிறகு யூலெஸ் என்று காசு பிடுங்குகிறார்கள், காற்று மட்டும் அப்படியே இருக்கிறது" என்று எழுதியிருந்தார். லண்டனில் ஒரு கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் குழாய்களைக் கட்டித் திரிந்ததே என் வேலை. வாசகரின் கோபத்தில் பாதி நியாயமானது. ஆனால் கோபம் போய்ச் சேரவேண்டிய விலாசம் பிழை.

யூலெஸ் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். புகை அதிகம் கக்கும் பழைய வாகனங்களிடம் நாளொன்றுக்கு அறவிடும் அந்த 12.50 பவுண் கவுன்சிலுக்குப் போவதில்லை. அது லண்டன் மேயரின் திட்டம், வசூலிப்பது லண்டன் போக்குவரத்து நிறுவனமான டி.எஃப்.எல். 2023 ஆகஸ்டில் அது வெளி லண்டன் முழுவதற்கும் விரியவிருந்தபோது ஹரோ, ஹில்லிங்டன் உட்படச் சில கவுன்சில்களே அதை எதிர்த்து நீதிமன்றம் போய்த் தோற்றன. சரி, அதை விடுவோம்.

குழாய்க்கு வருகிறேன். ஏழு சென்டிமீட்டர் நீளம், விரல் தடிமன், ஊடுபார்க்கக்கூடிய பிளாஸ்டிக். மேல் மூடிக்குள் சின்னதாக எஃகு வலை இருக்கும். வாகனப் புகையில் வரும் வாயுவான நைதரசன் டையொக்சைட்டைப் பிடித்து வைக்கும் இரசாயனம் அதில் பூசியிருக்கும். கீழ் மூடியைக் கழற்றி, வாய் நிலத்தைப் பார்க்கும்படி, ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் கம்பத்தில் கட்டிவிடுவோம். மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, கமரா நிச்சயமாக இல்லை. நாலைந்து கிழமை கழித்துக் கழற்றி, மூடி, கட்டிய நேரத்தையும் கழற்றிய நேரத்தையும் எழுதி, ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். அதே இடத்தில் புதியது ஏறும். இப்படி வருடம் முழுவதும். கேட்க லேசாக இருக்கும். குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டும். பொடியன்கள் பிடுங்கிக்கொண்டு போவார்கள். சில வேளை வீதிப் பகுதியினர் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கம்பத்தையே மாற்றிவிடுவார்கள். அந்த மாதக் கணக்கு அதோடு போச்சு.

மணிக்கு மணி அளக்கும் அசல் கருவி வேறு. வீதியோரத்தில் குளிர்சாதனப் பெட்டி மாதிரி, சிலது அதைவிடப் பெரிதாக, ஒரு கூண்டு நிற்கும். அதற்கு மின்சாரம் வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும், செலவும் அதிகம். அதனால் ஒரு கவுன்சிலிடம் ஒன்றிரண்டோ கொஞ்சம் கூடவோதான் இருக்கும். குழாய் சில பவுணோடு முடிந்துவிடும், எங்கும் கட்டலாம். ஆனால் அது தருவது ஒரு மாதத்தின் சராசரி மட்டுமே. காலை எட்டரைக்குப் பாடசாலை வாசலில் கார்கள் வரிசையாக நிற்கும்போது என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. நள்ளிரவும் ஞாயிறும் அந்தச் சராசரிக்குள் கலந்துவிடும்.

அப்புறம், "அளவைக் குறைத்துக் காட்டுகிறார்கள்" என்று பலரும் சொல்லும் குற்றச்சாட்டு. குறைப்பது உண்மைதான், ஆனால் ஒளித்துச் செய்வதில்லை. இந்தக் குழாய்கள் பொதுவாக உள்ளதைவிடச் சற்று அதிகமாகக் காட்டும். ஆகவே அசல் கருவிக்குப் பக்கத்திலும் குழாய்களைக் கட்டி, இரண்டையும் ஒப்பிட்டு, வருடக் கடைசியில் ஒரு திருத்தக் காரணியால் பெருக்குவார்கள். சராசரி கனமீட்டருக்கு 46 மைக்ரோகிராம் வந்து, அந்த வருடக் காரணி 0.8 என்றால், அறிக்கையில் 36.8. அடுத்த திருத்தம் தூரத்துக்கு. சட்டம் பார்ப்பது வீதியோரக் கம்பத்தை இல்லை. மக்கள் நீண்ட நேரம் இருக்கும் வீட்டின் முகப்பு, பாடசாலை, வைத்தியசாலை, இவற்றைத்தான். கம்பம் நடைபாதை விளிம்பில் நிற்கிறது, வீடு பத்து மீட்டர் உள்ளே இருக்கிறது என்றால், அந்தத் தூரத்துக்கு ஏற்ப எண் இன்னும் இறங்கும். முன்னால் தோட்டம் உள்ள வீடுகளுக்கு இது நியாயமான கணக்கு. எங்கள் தமிழ் ஆட்கள் எத்தனை பேர் அப்படிப்பட்ட வீடுகளில் இருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

பிரதான வீதியில் கடைகளுக்கு மேலே இருக்கும் ஃபிளாட்டுகளை நினைத்துப் பாருங்கள். கீழே பலசரக்குக் கடை, மேலே இரண்டு அறையில் ஒரு குடும்பம். யன்னலைத் திறந்தால் நேரே பஸ் தரிப்பிடம். அங்கே முகப்புக்கும் வீதிக்கும் நடுவில் நடைபாதை மட்டுமே இருக்கிறது. கழிப்பதற்குத் தூரமே கிடையாது.

அப்படியொரு கடைத்தெருவில் நான் குழாய் மாற்றிக்கொண்டிருந்தபோது மேல்மாடி யன்னலில் இருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். "தம்பி, உது என்ன, கமராவோ? ஆருக்கு ஃபைன் அடிக்கப் போறியள்?" காற்றை அளப்பது என்றதும் குரல் மாறிவிட்டது. யன்னல் விளிம்பை விரலால் ஒரு இழுவை இழுத்து எனக்குக் காட்டினார். "இஞ்ச பாருங்கோ, நேற்றுத்தான் துடைச்சனான்." விரல் கறுப்பு. மகளுக்குத் தொய்வு, அதாவது ஆஸ்துமா, இரவில் இரண்டு தரம் பம்ப் அடிக்க வேண்டியிருக்கிறது, உந்தக் குழாயை எங்கட யன்னலில் கட்டேலாதோ என்று கேட்டார்.

அவர் விரலில் இருந்த கரியை என் குழாய் அளக்காது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னேன். டீசல் புகை, பிரேக்கும் டயரும் தேய்ந்து வரும் தூள், இவை துகள்கள். அதிலும் நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகளான பிஎம் 2.5க்கு, இங்கிலாந்தில் கவுன்சில்கள் எட்டவேண்டும் என்று சட்டத்தில் தனி எண் கிடையாது. நாடு முழுவதற்கும் 2040க்குள் 10 மைக்ரோகிராம் என்ற இலக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5.

அலுவலகத்துக்குத் திரும்பி அவருடைய விலாசத்தைக் கொடுத்தேன். "எதிர்ப்பக்கத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே" என்று மேலதிகாரி முடித்துவிட்டார். எதிர்ப்பக்கம் பூங்கா. காற்று தாராளமாக ஓடும் இடம். குடியிருப்பவரே மின்னஞ்சல் எழுதினால் தட்ட முடியாது என்று அந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். "எங்களுக்கு ஏன் தம்பி வில்லங்கம், வீட்டுக்காரன் என்ன சொல்லுவானோ" என்றார். கடைசிவரை எழுதவில்லை. அதே கவுன்சிலில், இருபக்கமும் மரம் நிற்கும் அமைதியான ஒரு தெருவின் குடியிருப்பாளர் சங்கம் விடாமல் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தது. அவர்களுக்கு மூன்று குழாய். வருடா வருடம் இருபதுக்குச் சற்று மேலே, சட்ட எல்லையில் பாதி போல, வரும், நாங்களும் வருடா வருடம் அளந்துகொண்டே இருந்தோம்.

நான் சொல்ல வந்ததே இதுதான். அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்பது கவுன்சிலின் குழாய்க்கும் பொருந்தும். தமிழர்களாகிய நாங்கள் வாய் திறப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எழுதுகிறேன், ஏனென்றால் கோபத்தைச் சரியான இடத்தில் காட்ட அது உதவும். 1995ஆம் ஆண்டின் சுற்றாடல் சட்டப்படி ஒவ்வொரு கவுன்சிலும் தன் பகுதிக் காற்றைப் பரிசீலிக்க வேண்டும். நைதரசன் டையொக்சைட் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டினால் அந்த இடத்தை வளித்தர முகாமைத்துவப் பகுதி என்று அறிவித்து, ஒரு செயல்திட்டம் போட வேண்டும். இந்த 40 பழைய கணக்கு. உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டலை 2021இல் 10க்கு இறக்கிவிட்டது. சட்டத்தில் உள்ள எண் அசையவில்லை. ஆகவே "எல்லைக்குள் இருக்கிறது" என்று அறிக்கையில் படித்தால் அது சட்டத்தின் எல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

அதைவிடச் சிக்கலான விஷயம் ஒன்று உண்டு. காற்றைச் சுத்தமாக்கியே தீரவேண்டும் என்று சட்டம் கவுன்சிலைக் கட்டிப்போடவில்லை. அதை நோக்கி வேலை செய் என்கிறது, அவ்வளவுதான். வேலை செய்யக் கையில் என்ன இருக்கிறது? சிவப்புக் கோடு போட்ட பெரிய வீதிகள் டி.எஃப்.எல். வசம். பஸ் சேவையும் அவர்கள் பொறுப்பே. மோட்டர்வே தேசிய நிறுவனத்திடம். லண்டனுக்கு வெளியே பல ஊர்களில் அளப்பது மாவட்டக் கவுன்சில், வீதி கவுண்டி கவுன்சிலுடையது. அளக்கிறவனுக்கு வீதி இல்லை, வீதி வைத்திருப்பவன் அளப்பதில்லை.

எல்லா அடூ-கிஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுப் பிள்ளையின் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தென்கிழக்கு லண்டனின் லூயிஷத்தில், வாகன நெரிசல் மிக்க சவுத் சேர்க்குலர் வீதிக்கு மிக அருகே வாழ்ந்தவள். 2013 பெப்ரவரியில் ஆஸ்துமாவால் இறந்தாள். வளி மாசும் அந்த மரணத்துக்குக் காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பிரித்தானியாவில் ஒருவருடைய மரணச் சான்றிதழில் வளி மாசு இடம்பெற்றது அதுவே முதல் தடவை. அந்த வீதி டி.எஃப்.எல். வீதி. காற்றின் அபாயம் பற்றி வைத்தியர்கள் தாய்க்கு எதுவும் சொல்லவில்லை என்பதையும் விசாரணை பதிவு செய்தது. பிள்ளையை எந்த வழியால் பாடசாலைக்குக் கூட்டிப் போகலாம், எந்த அறையில் படுக்க வைக்கலாம் என்று யோசிக்கவாவது ஒரு தாய்க்கு அந்தத் தகவல் வேண்டும்.

கவுன்சில் கையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பெட்ரோல் ஸ்டேசன் நடத்தும் எங்கள் ஆட்களுக்குத் தெரியும்: பவுசர் இறக்கும்போது ஆவி வெளியே போகாமல் திரும்பப் பிடிக்கப்படுகிறதா என்று வந்து பார்ப்பது கவுன்சில் ஆள்தான், அனுமதிப் பத்திரமும் அங்கேதான். விறகு அடுப்புப் புகைக்கு, புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 300 பவுண் வரை தண்டம் போடலாம். நிறுத்திய காரின் எஞ்சினை ஓடவிட்டால் 20 பவுண், நேரத்துக்குக் கட்டாவிட்டால் 40. அதுவும் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாவிட்டால்தான். சனிக்கிழமை காலை எந்தத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலிலும் போய் நில்லுங்கள். உள்ளே பிள்ளைகள் தேவாரம் பாடிக்கொண்டிருப்பார்கள், வெளியே ஹீட்டருக்காகப் பத்துக் கார் உறுமிக்கொண்டிருக்கும். இதற்குக் கவுன்சிலைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

இனிச் செய்யக்கூடியது. ஒவ்வொரு கவுன்சிலும் வருடத்துக்கு ஒருமுறை "ஆனுவல் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்" என்று ஒன்றை இணையத்தில் போடும். நூறு பக்கம் இருந்தாலும் பயப்பட வேண்டாம், உள்ளே ஒரு அட்டவணை இருக்கும்: எந்தத் தெரு, எந்த இடம், கடந்த சில வருட எண்கள். உங்கள் வீதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 36க்கு மேலே ஒரு எண் தெரிந்தால் அதை விடாதீர்கள். குழாய்க் கணக்கு சற்று அப்படி இப்படி இருக்கலாம் என்பதால் 40க்கு நெருங்கிய எதையும் அதிகாரிகளே நிம்மதியாகப் பார்ப்பதில்லை. அறிவித்த பகுதியை ரத்துச் செய்யப் போகிறோம் என்று சில கவுன்சில்கள் இப்போது சொல்கின்றன. வாகனங்கள் மாறியதால் நைதரசன் டையொக்சைட் உண்மையில் இறங்கித்தான் இருக்கிறது. ஆனால் பகுதியை ரத்துச் செய்தாலும் குழாயைக் கழற்றாதே என்று கேளுங்கள். அளவு இல்லாமல் போனால் வழக்கும் இல்லை.

உங்கள் வீதி அட்டவணையில் இல்லையென்றால் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கு மூன்று வரி எழுதினால் போதும். இன்ன விலாசத்தில் முதலாம் மாடியில் வசிக்கிறேன், யன்னலுக்கும் வீதிக்கும் இவ்வளவு தூரம், வீட்டில் தொய்வு உள்ள பிள்ளை இருக்கிறது, வீட்டுக்கு முன்னால் உள்ள கம்பத்தில் ஒரு குழாய் கட்டுவீர்களா. வீட்டுக்காரனுக்கு இதில் சம்பந்தமில்லை. கம்பமும் நடைபாதையும் அவனுடையது இல்லை. குழாய் கட்டும் வருடக் கணக்கு ஜனவரியில் தொடங்கும், ஆகவே ஒக்டோபர் நவம்பரில் எழுதுங்கள். பிரதியை உங்கள் கவுன்சிலருக்கும் போடுங்கள். வாக்குக் கேட்டுக் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு இது ஒரு பாரமான வேலை இல்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அறிக்கைகள் வெளியானதும், தமிழர் அதிகம் வாழும் கவுன்சில்களின் அந்த ஒரு அட்டவணையை மட்டும், தெருப் பெயரோடு, தமிழில் ஒரு பக்கத்தில் போடுங்கள். படித்து எடுத்துத் தர ஆள் தேவையென்றால் எனக்கு எழுதுங்கள். ஓய்வு பெற்றவன், நேரத்துக்குக் குறைவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கவுன்சில் ஊழியர்,
மேற்கு லண்டன்.