மேனுவல் மட்டும் விக்கிறது பிடிவாதம் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல வண்டிகள் பக்கத்துல, ஆட்டோமேட்டிக்கே குடுக்காம மேனுவல் கியர்ல மட்டும் ஸ்போர்ட்ஸ் கார் விக்கிறது கம்பெனிக்காரங்களோட பிடிவாதம்னு எழுதியிருந்தீங்க. படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். பிடிவாதம் பிடிச்சது கம்பெனி இல்லைங்க, வாங்குற ஆளுங்க.

போர்ஷே கதையையே எடுத்துக்குங்க. 2013ல, ரேஸ் ட்ராக்குக்குன்னே கூர்மையா செஞ்ச 911 ஜிடி3 ஸ்போர்ட்ஸ் காரோட புது மாடல் வந்தப்ப கிளட்ச் பெடலையே தூக்கிட்டாங்க, பிடிகேன்னு அவங்களோட டபுள் கிளட்ச் கியர்பாக்ஸ் மட்டும்தான். அதுல ஒரு கிளட்ச் ஒரு கியரைப் பிடிச்சு வண்டியை ஓட்டிட்டு இருக்கும்போதே இன்னொரு கிளட்ச் பக்கம் அடுத்த கியர் ரெடியா நிக்கும், ஸ்டீயரிங் பின்னாடி இருக்குற பேடிலை விரலால தட்டினா போதும், எப்பேர்ப்பட்ட டிரைவர் கையாலயும் அந்த வேகத்துக்கு மாத்த முடியாது. ட்ராக்ல டைம் குறையுதுல்ல, இதைவிட என்ன வேணும்னு கம்பெனி நெனச்சது. ஆனா ஜிடி3ஐ உயிரா நெனச்சவங்க பல பேருக்கு அது பிடிக்கல, எங்க கிளட்ச்சைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 2016ல ஜெனீவா மோட்டார் ஷோல 911 ஆர் வந்துச்சு. 4 லிட்டர் இன்ஜின், 500 குதிரைசக்தி, 1370 கிலோ, 6 கியர் மேனுவல் மட்டும், ஆட்டோமேட்டிக் கேட்டாலும் கிடையாது. மொத்தமே 991 வண்டி, எல்லாம் வித்துப் போயிருச்சு, அப்புறம் கைமாறுனப்ப கம்பெனி போட்ட விலையைவிட எங்கயோ மேல போச்சு. அடுத்த வருஷம் வந்த ஜிடி3ல மேனுவலும் திரும்ப வந்துச்சு, 2023ல 911 எஸ்/டின்னு 1963 வண்டி, அதுவும் மேனுவல் மட்டும்.

இதுல ஒண்ணு கவனிங்க. 2017 ஜிடி3, 0ல இருந்து 100 கிலோமீட்டர் வேகம் போக பிடிகேல 3.4 செகண்ட், மேனுவல்ல 3.9. அரை செகண்ட் மெதுவா போற வண்டின்னு தெரிஞ்சேதான் வாங்குறாங்க.

ஏன்னு ஓட்டினவங்களுக்குத் தெரியும். வளைவுக்கு முன்னாடி பிரேக்கை அழுத்திட்டே மூணுல இருந்து ரெண்டுக்கு இறக்கணும், சும்மா இறக்கி கிளட்ச்சை விட்டா சக்கரம் ஒரு வேகத்துல இன்ஜின் ஒரு வேகத்துல இருக்கும், வண்டி குலுங்கும், ஈரமான ரோட்டுல பின் சக்கரம் இழுத்தும் விட்டுரும். அதனால பிரேக்குல இருக்குற அதே வலது காலை லேசா சாய்ச்சு ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி இன்ஜின் வேகத்தை ஏத்தி, அந்த நொடியில கிளட்ச்சை விடணும். சரியா விழுந்துச்சுன்னா கியர் மாறுனதே உடம்புக்குத் தெரியாது. அந்த ஒரு தடவைக்காக நூறு தடவை தப்பா பண்ணுவோம். ஹோண்டா எஸ்2000 ஸ்போர்ட்ஸ் கார் 1999ல இருந்து 2009 வரைக்கும் பத்து வருஷமும் மேனுவல்லதான் வந்துச்சு, ஆரம்ப மாடல் இன்ஜின் நிமிஷத்துக்கு 9000 சுத்து வரைக்கும் போகும், கியரை எப்ப மாத்தணும்னு நம்ம காது சொல்லணும், கம்ப்யூட்டர் இல்ல.

ஆட்டோமேட்டிக் வேண்டாம்னு நான் சொல்லலைங்க. டவுன் டிராஃபிக்குக்கு அதுதான் நல்லது, இடது கால் முடியாதவங்களுக்கு அது வரம். டொயோட்டாவோட சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஜிஆர் யாரிஸ், அதோட டர்போ மாடல் 2020ல மேனுவல் மட்டும்தான், 2024ல ஆட்டோமேட்டிக்கும் சேர்த்தாங்க, இன்னும் நாலு பேர் ஓட்டுவாங்க, சந்தோஷம். ஆனா ஒரு கியர்பாக்ஸ்தான் குடுக்க முடியும்னு வர்றப்ப, கொஞ்சமா செய்யுற வண்டிக்கு ரெண்டு கியர்பாக்ஸ்னா ரெண்டு தடவை ட்யூனிங், ரெண்டு தடவை டெஸ்ட்டுன்னு செலவு ஏறுமே, அப்ப மேனுவலைத் தேர்ந்தெடுக்குறவங்களை பழைய ஆளுங்கன்னு சொல்லாதீங்க.

நம்ம ஊர்லயே நடந்துச்சே. எங்க கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாட்டாவோட சேர்ந்து 2018 அக்டோபர்ல டாட்டாவோட சின்ன கார் டியாகோவை வேகமா மாத்தி டியாகோ ஜேடிபின்னு கொண்டு வந்தாங்க. முழு ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்ல முடியாது, ஆனா 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைசக்தி, கியர் ரேஷியோவை மாத்தின 5 கியர் மேனுவல் மட்டும், விலை ஷோரூம்ல 6.39 லட்சம். அந்தக் காசுக்கு ஓட்டுறதுல ஆசை இருக்குறவனை நெனச்சு யாருங்க வண்டி செஞ்சா? ரெண்டே வருஷத்துல நின்னு போச்சு, அது எனக்கு இன்னும் வலிக்குது. இன்னொரு பக்கம் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 2004 வாக்குல இங்க வந்தப்ப மேனுவல், 2017ல திரும்ப வந்தப்ப டிஎஸ்ஜின்னு டபுள் கிளட்ச் ஆட்டோமேட்டிக் மட்டும். மேனுவலைத் தூக்கிட்டதைப் பத்தி அப்ப யாரும் பிடிவாதம்னு எழுதலையே?

ஒரு ஜேடிபியை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி வச்சிருக்கேன். உங்க நிருபரை ஒரு நாள் அனுப்பி வைங்க. ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, சாவியை அவர் கையிலயே குடுக்குறேன், நான் பக்கத்து சீட்டுல உக்காந்துக்குறேன். மேல போய் ஒரு டீ குடிச்சுட்டு அவரே அடுத்த கட்டுரையை எழுதட்டும்.

இப்படிக்கு,
கோயம்புத்தூர்ல இருந்து உங்க ரொம்ப நாள் வாசகர்