திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

மலேசியாவின் பினாங்கு, கெடா பக்கத்துத் தன்னார்வலர்கள் நாம் பாயார் தீவுக் கடலில் எடுக்கும் இந்த ஆண்டுப் பவளப்பாறைக் கணக்கெடுப்பு முடிந்தது. படிவங்களைச் சரிபார்த்து அனுப்பியாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தோம், ஆனால் பட்டியல் ஜார்ஜ்டவுனில் தொடங்கி பட்டர்வொர்த், சுங்கைப்பட்டாணி, கோலக்கெடா என்று நீண்டுகொண்டே போகிறது, அதிலும் பாதிப்பேர் "என் பெயரெல்லாம் போடாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதனால் பெயர் இல்லாமல் எழுதுகிறோம். படிக்கும்போது அவரவருக்குத் தம்மைத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி, போன ஆண்டும் வந்து இந்த ஆண்டும் வந்தவர்களுக்கு. புதிதாக வந்தவர்கள் மனம் கோணக்கூடாது, உங்களுக்கும் கீழே இடம் இருக்கிறது. ஆனால் இந்த வேலையின் உயிரே திரும்பிப் போவதில்தான் இருக்கிறது. பாறைத்திட்டு ஒன்றை ஒரே ஒரு தடவை எண்ணிவிட்டு வந்தால் அது நன்றாக இருக்கிறதா நலிந்துகொண்டு போகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதே இடம், அதே ஆழம், அதே முறை, ஆண்டுக்கு ஆண்டு போய் எண்ண வேண்டும். நம்மில் பெரும்பாலானவர்கள் கடல் ஆய்வாளர்கள் இல்லை. கணக்காளர், தாதி, லோரி ஓட்டுநர், ஆசிரியர், இப்போதுதான் ஓய்வுபெற்ற தொழிற்சாலை மேற்பார்வையாளர், இவர்கள் எல்லாம் தங்கள் விடுப்பைச் சேர்த்துவைத்து இதற்கென்று வருகிறார்கள். அப்படி வருகிறவர்கள் எடுக்கும் கணக்கை ஆய்வாளர்கள் நம்பிப் பயன்படுத்துகிறார்கள் என்றால், காரணம் எல்லா ஊரிலும் எல்லாரும் ஒரே முறையில் எண்ணுவதுதான். ரீஃப் செக் என்ற அந்த முறையில் 1997இல் உலக அளவில் முதல் கணக்கெடுப்பு நடந்தது, மலேசியாவில் 2007இல் அதற்கென்று தனி அமைப்பே உருவானது. நாமும் அந்த முறையைத்தான் பின்பற்றுகிறோம்.

வீட்டில் இருப்பவர்கள் "அங்கே போய் என்னதான் பண்றீங்க?" என்று கேட்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நூறு மீட்டர் அளவு நாடாவைப் பாறையின் மேல் விரிக்க வேண்டும். அதில் இருபது மீட்டர், அப்புறம் ஐந்து மீட்டர் இடைவெளி, மறுபடி இருபது, இப்படி நான்கு பகுதி. நாடா விரித்ததும் கால் மணி நேரம் சும்மா காத்திருக்க வேண்டும், அப்போதுதான் மிரண்டு ஓடிய மீன்கள் திரும்பி வரும். மீன் எண்ணுபவர் முதலில் போவார், சிப்பி, கடல் முள்ளெலி, கடலட்டை எண்ணுபவர் அவருக்குப் பின்னால், கடைசியாக அடித்தளம் பார்ப்பவர். இவருடைய வேலைதான் பொறுமையைச் சோதிக்கும். கொத்தனார் சுவருக்குப் பிடிப்பாரே, அதுபோல ஒரு தூக்குக்குண்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை மீட்டருக்கு ஒரு தடவை நாடாவிலிருந்து தொங்கவிட்டு, குண்டு எதைத் தொடுகிறதோ அதை மட்டும் எழுத வேண்டும். கடினப் பவளமா, மென்பவளமா, அண்மையில் செத்ததா, கல்லா, மணலா, வண்டலா. பக்கத்தில் எவ்வளவு அழகான பவளம் இருந்தாலும் குண்டு மணலைத் தொட்டால் மணல் என்றுதான் எழுத வேண்டும். ஒரு பகுதிக்கு 40 புள்ளி, மொத்தம் 160. பென்சிலை ரப்பர் கயிற்றால் பலகையில் கட்டியிருப்போம், விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப்போயிருக்கும், நீரோட்டம் ஆளைப் பக்கவாட்டில் இழுக்கும், குண்டு ஊஞ்சலாடும், அது அடங்கும்வரை பொறுத்திருந்து எழுத வேண்டும். இதை ஒரு அவசரமும் காட்டாமல் செய்து முடித்த இரண்டு தம்பிகளுக்கும் ஒரு அக்காவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

அந்த அக்காவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரலில், உலகம் முழுக்கப் பவளங்கள் வெளுத்துக்கொண்டிருக்கின்றன, இது நான்காவது முறை என்று அறிவித்தார்கள், ஞாபகம் இருக்கும். இதற்கு முன் 1998, 2010, அப்புறம் 2014 முதல் 2017 வரை. கடலின் சூடு வழக்கமான உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடிச் சில வாரம் அப்படியே நின்றாலே போதும், பவள உயிரிக்குள் குடியிருந்து அதற்குச் சாப்பாடு போடும் நுண்பாசியை அந்த உயிரியே வெளியேற்றிவிடுகிறது. நிறம் அந்தப் பாசியால் வந்தது, அதனால் அது போனதும் உள்ளே இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக்கூடு அப்படியே வெளியே தெரிகிறது. அந்த ஆண்டு கடலுக்குள் போய்விட்டு வந்த அக்கா படகில் ஒரு மூலையில் உட்கார்ந்து யாரிடமும் பேசவில்லை. இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். இந்த ஆண்டு அறிவிப்பு போன அன்றைக்கே முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை, சூடு தணிந்தால் பாசி திரும்ப வரும், பவளம் பிழைக்கவும் பிழைக்கும், அப்படிப் பிழைத்ததா இல்லையா என்பது அடுத்த ஆண்டு யாராவது போய் எண்ணினால்தான் தெரியும். மனசு கனத்துப்போன இடத்துக்கு மறுபடி போய் எண்ணினீர்களே அக்கா, அதற்குத்தான் இந்த நன்றி.

பினாங்கில் வளர்ந்த பலருக்கும் பவளம் என்றால் ரெடாங், தியோமான், சிப்பாடான் என்று கிழக்கே எங்கோ இருக்கும் ஒன்று. இங்கே பத்து பெரிங்கி கடற்கரையில் காலை நனைத்தால் பாதம் தெரியாது, அந்தக் கலங்கலுக்குள் பவளத்தை யார் நினைப்பார்கள்? ஆனால் நமக்கும் லங்காவிக்கும் நடுவில், கெடாவுக்குச் சொந்தமான பாயார் தீவும் அதைச் சுற்றி காசா, லெம்பு, செகாந்தாங் தீவுகளும் இருக்கின்றன, கடல் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்கே சிப்பி ஒன்றைக்கூட எடுத்து வரக்கூடாது, ஆய்வு என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். எங்கள் கடிதங்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதி, எந்தப் படிவம் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டிய அதிகாரிகளுக்கு நன்றி. எங்கே நங்கூரம் போடக்கூடாது என்று எங்களுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்து, மிதவையில் மட்டும் படகைக் கட்டிய படகுக்காரப் பெரியவருக்கு, எங்கள் பாக்சிக்குக்கு, இரட்டிப்பு நன்றி. பல ஆண்டுகளாக வளர்ந்த பவளத்தை நொறுக்க ஒரு நங்கூரம் போதும், அவர் இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை.

நாசி கண்டார் சோற்றுக்கடை பாய் அவர்களுக்கு. விடியற்காலை நான்கு மணிக்குக் கடையின் பின்கதவைத் திறந்து பொட்டலம் கட்டித்தந்தீர்கள், காசு வாங்க மறுத்தீர்கள், அதையும்விட அன்றைக்கு நீங்கள் சொன்ன கதையை நாங்கள் மறக்கவில்லை. உங்கள் பாட்டனார் இராமநாதபுரம் கரையோர ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர் என்றும், அவருடைய பழைய வீட்டுச் சுவரில் பவளக்கல் இருந்தது என்றும் சொன்னீர்கள். மன்னார் வளைகுடாவில் அந்தக் காலத்தில் பவளப்பாறையை வெட்டி வீடு கட்டினார்கள், சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள் என்பது உண்மை. இன்றைக்கு அங்கே 21 தீவுகளைச் சுற்றிய கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி, பவளத்தை வெட்டி எடுப்பது சட்டப்படி குற்றம். ஒரு தலைமுறை வெட்டியதை அடுத்த தலைமுறை காக்கிறது. பாட்டனார் ஊர்க் கடலுக்குச் செய்வதாக நினைத்துத்தான் பொட்டலம் தருகிறேன் என்றீர்கள், அந்தச் சோறு எங்களுக்கு அப்படித்தான் இறங்கியது.

லிட்டில் இந்தியா நகைக்கடைக்காரர் ஐயாவுக்கும் நன்றி, நீருக்குள் எழுதும் பலகைகள் நீங்கள் கொடுத்த பணத்தில் வாங்கியவை. உங்கள் கடையில் ஒரு பாட்டி தன் தாலிச்சரட்டில் கோத்த சிவப்புப் பவளத்தைக் காட்டி, இதைத்தான் கடலுக்குள் போய் எண்ணுகிறீர்களா என்று கேட்டாரே, அன்றைக்குக் கூட்டமாக இருந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பாட்டி, நகைக்குப் போகும் சிவப்புப் பவளம் வேறு வகை, மத்தியதரைக் கடல் மாதிரி இடங்களில் வெளிச்சம் குறைந்த இடத்தில் வளர்வது. நாங்கள் எண்ணுவது வெயில் எட்டும் ஆழத்தில் பாறையைக் கட்டி எழுப்பும் பவளம். இரண்டும் தூரத்து உறவு.

அப்புறம் பள்ளிகள். கடலுக்குள் போவது ஆண்டுக்குச் சில நாள்தான், மற்ற மாதங்களில் இந்தக் குழு செய்வது பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி மண்டபங்களில் நடக்கும் வேலை, அதுதான் எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. சனிக்கிழமையிலும் பள்ளியைத் திறந்துவிட்ட தலைமையாசிரியைகளுக்கும், நாற்காலி அடுக்கிய பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும், எல்லாப் படங்களுக்கும் தமிழில் விளக்கம் எழுதித்தந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் நன்றி. பல்கலைக்கழகத்திலிருந்து இரவல் வாங்கிவந்த காய்ந்த பவளத்துண்டை நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தான். ஊசிமுனை அளவுக் குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் சக்கரத்தின் ஆரம்போலச் சின்னச் சின்னத் தகடுகள். "டீச்சர், இது கல்லா, செடியா, மிருகமா?" என்றான். குழியில் இருந்தது மிருகம், அதற்குள் குடியிருந்தது பாசி, இரண்டும் போன பிறகு மிஞ்சியது கல் என்று அந்த ஆசிரியை சொன்னதும் பின்வரிசைப் பிள்ளைகளெல்லாம் எழுந்து மேசைக்கு வந்துவிட்டார்கள். பத்துப் பக்கம் எழுதினாலும் நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன் டீச்சர்.

முக்குளிப்பு டாங்கியில் காற்று நிரப்பித்தந்த கடைக்கு, வேனை இரவல் கொடுத்த அண்ணனுக்கு, கரையில் இருந்தபடி எல்லாப் படிவங்களையும் இரண்டிரண்டு தடவை தட்டச்சு செய்து ஒப்பிட்ட கல்லூரிப் பிள்ளைகளுக்கு, "போய்ட்டு வா, பார்த்து" என்று மட்டும் சொல்லிவிட்டு நாங்கள் கரையேறும்வரை கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்த அம்மாக்களுக்கு, எல்லாருக்கும் நன்றி.

புதிதாக வந்தவர்களே, கெராப்பு (கலவா) மீனையும் செப்பிலியையும் எதற்கு எண்ணுகிறோம், அவை பவளம் இல்லையே என்று முதல் நாள் கேட்டீர்கள். அவை நம் சட்டியில் விழும் மீன்கள், எங்கே அவை குறைகிறதோ அங்கே மீன்பிடி மிஞ்சிப்போயிருக்கிறது என்று அர்த்தம். கிளிமீன் குறைந்தால் பாசியை மேய ஆளில்லாமல் குட்டிப் பவளம் ஒட்ட இடம் கிடைக்காது. இதையெல்லாம் கடைசி நாளில் நீங்களே அடுத்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அடுத்த ஆண்டும் வாருங்கள், அதே நாடாவை அதே இடத்தில் விரிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

முடிவுகளைத் தமிழிலும் மலாயிலும் சுருக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறோம், தயாரானதும் உதவிய பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் ஒவ்வொரு பிரதி நேரில் கொண்டுவந்து தருவோம். முக்குளிப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம், படிவ வேலைக்கும் பள்ளி வேலைக்கும் ஆள் எப்போதுமே பற்றாக்குறைதான். வேனில் ஒரு நீலத் துடுப்புக்காலணியும் இரண்டு தண்ணீர்ப் புட்டியும் கிடக்கின்றன, உரியவர்கள் பொருளாளர் அக்காவிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.