குர்கான் தோல்வி மட்டும்தானா யோகேந்திர யாதவ்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேர்தல் ஆய்வாளராக இருந்து அரசியலுக்கு வந்த யோகேந்திர யாதவ் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை என்னை மிகவும் வருத்தியது. 2014 மக்களவைத் தேர்தலில் குர்கானில் தோற்றார், 2015இல் ஆம் ஆத்மி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், பிறகு தொடங்கிய ஸ்வராஜ் இந்தியா கட்சியும் தேர்தல்களில் எடுபடவில்லை. பேசாமல் ஆய்வு மையத்திலேயே இருந்திருக்கலாம் என்கிறார் கட்டுரையாளர். தகவல்களில் பிழை இல்லை. கணக்குப் போட்ட விதத்தில்தான் பிழை.

பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திவிட்டு 1993இல் டெல்லியில் உள்ள சி.எஸ்.டி.எஸ். என்ற சமூக ஆய்வு மையத்துக்கு வந்தவர் அவர். அங்கே அவர் தலைமையில் லோக்நீதி என்ற தேர்தல் ஆய்வுக் குழு நடத்திய ஆய்வுகள், வாக்காளர்களை வீடு தேடிப் போய்க் கேட்டவை. படித்த, வசதியான கூட்டத்தைவிட ஏழைகளும் தலித்துகளும் ஆர்வமாக வாக்குச்சாவடிக்கு வருகிறார்கள் என்பதைப் புள்ளிவிவரத்தோடு எடுத்து வைத்தவர்களில் முக்கியமானவர் அவர்.

கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாத வேலை ஒன்று உண்டு. அரசியல் அறிவியலாளர் சுஹாஸ் பல்சிகருடன் சேர்ந்து, முதன்மை ஆலோசகராக அவர் உருவாக்கிய, மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் அரசியல் அறிவியல் பாடநூல்களைச் சொல்கிறேன். அந்தப் பக்கங்களின் ஓரத்தில் உன்னி, முன்னி என்று இரண்டு சித்திரக் குழந்தைகள் நின்றுகொண்டு, பாடம் சொல்வதையே துணிந்து கேள்வி கேட்பார்கள். நெருக்கடி நிலையும் குஜராத் கலவரமும் பூசி மெழுகாமல் பாடமாயின. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அரசைக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பதைவிடப் பெரிய அரசியல் பணி எது?

2012இல் அந்தப் பாடநூல் ஒன்றில் இருந்த அம்பேத்கர் கேலிச்சித்திரம் பற்றித் தொல். திருமாவளவன் மக்களவையில் பிரச்சினை எழுப்பியபோது யாதவும் பல்சிகரும் ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகினார்கள். அந்தப் படம் பலரைப் புண்படுத்தியதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2023இல், பாடங்கள் அடையாளம் தெரியாமல் வெட்டப்பட்ட பிறகு, “எங்கள் பெயர்களையாவது எடுத்துவிடுங்கள்” என்று இருவரும் கேட்கும் நிலை வந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவரிடம் எனக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2019இல் காங்கிரஸ் சாக வேண்டும் என்று எழுதியது அவசரம். மூன்றே ஆண்டுகளில் காங்கிரஸின் ராகுல் காந்தியுடன் பாரத் ஜோடோ நடைப்பயணத்தில் கன்னியாகுமரியிலிருந்து நடந்தார். முரண்பாடு என்று கட்டுரையாளர் சொல்வது நியாயம்தான். ஆனால் 2021 அக்டோபரில் நடந்ததையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் போராடிய விவசாயிகள் வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த வன்முறையில் பா.ஜ.க. தொண்டர்களும் இறந்தார்கள். அவர்களில் ஒருவரின் வீட்டுக்கும் துக்கம் விசாரிக்கப் போனார் யாதவ். அதற்காக, அவர் அங்கம் வகித்த விவசாயிகள் கூட்டமைப்பு ஒரு மாதம் அவரை ஒதுக்கி வைத்தது. தண்டனையை ஏற்றுக்கொண்டார், போனது தவறு என்று மட்டும் சொல்லவில்லை.

2025 ஆகஸ்டில் பீகார் வாக்காளர் பட்டியல் வழக்கில் அவரே உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். இறந்துவிட்டதாகப் பெயர் நீக்கப்பட்ட இருவரை நீதிபதிகளின் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். தேர்தல் ஆணையத்தின் தரப்பு அதை நாடகம் என்றது. இரண்டே நாளில், விடுபட்ட சுமார் 65 லட்சம் பேரின் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. வாக்காளரை வீடு தேடிப் போய்க் கேட்ட அதே ஆய்வாளர்தான் அன்று அங்கே நின்றார்.

அவரைப் பற்றி மீண்டும் எழுதுவதாக இருந்தால், அந்தப் பாடநூல்களைப் பயன்படுத்திய ஆசிரியர்கள் சிலரிடமும் பேசிவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்