கிணற்றடியில் அளந்து பார்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே வேலை அமைந்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது.

இனி உன் கிணற்று நீர்மட்டக் கருவிக்கு வருகிறேன். எஸ்எம்எஸ் அனுப்பப் போகும்போதெல்லாம் அணைந்து மறுபடி எழுகிறது; மல்டிமீட்டரோ 250 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டவில்லை; ஆகவே எஸ்எம்எஸ் அனுப்பும் சிம்800எல் மாட்யூல்தான் பழுது என்று முடிவு கட்டிவிட்டாய். அதன்மேல் பழி போடாதே. மீட்டரும் பொய் சொல்லவில்லை. அந்த மாட்யூல் ரேடியோ அலையை இடைவிடாமல் அனுப்புவதில்லை. 4.615 மில்லி விநாடிக்கு ஒருமுறை, 577 மைக்ரோ விநாடி மட்டும் அனுப்பும்; அப்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும். எட்டில் ஒரு பங்கு நேரம்தானே? 2 ஆம்பியரை எட்டால் வகுத்துப் பார், உன் 250 வந்துவிடும். விநாடிக்கு இரண்டு மூன்று முறை எண் மாறும் மீட்டருக்குச் சராசரிதான் தெரியும். பேட்டரியும் கம்பியும் தாங்க வேண்டியது உச்சத்தை.

மீட்டரை மில்லி ஆம்பியர் வரம்புக்கு மட்டும் மாற்றிவிடாதே. பல மீட்டர்களில் ஷண்டும் (மின்னோட்டத்தை அளக்க உள்ளே இருக்கும் சிறு ரெசிஸ்டர்) ஃபியூஸும் சேர்ந்தே ஓர் ஓம் அளவுக்கு வந்துவிடும். 2 ஆம்பியர் பாய்ந்தால் 2 வோல்ட் அங்கேயே போய்விடும். பிறகு மாட்யூல் எப்படிப் பிழைக்கும்?

0.1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பேட்டரியின் மைனஸ் கம்பியில் தொடராகப் போட்டு, அதன் இரு முனைகளிலும், வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை வை. திரையில் 200 மில்லி வோல்ட் எழுந்தால் 2 ஆம்பியர். டிரிகரை, அதாவது ஸ்கோப் பதிவைத் தொடங்கும் அளவை, 50 மில்லி வோல்ட்டில் நிறுத்தி, ஒரே ஒரு முறை பிடிக்கும்படி வைத்தால் போதும். கருவியில் லேப்டாப்பின் யுஎஸ்பி கேபிள் செருகியிருந்தால் மறக்காமல் கழற்றிவிடு. இல்லையென்றால் எர்த் வழியாக மின்னோட்டம் ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு போய், அளவு குறைவாகத் தெரியக்கூடும்.

என்னைக் கேட்டால், உச்ச மின்னோட்டத்தைவிட முக்கியமானது அந்த நேரத்தில் மாட்யூலின் மின் கால்களில் (பின்களில்) மிஞ்சும் வோல்டேஜ். ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அதையும் பார். 3.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மாட்யூலுக்கு ஆகாது. சால்டர் இல்லாமல் செருகி இணைக்கும் பிரெட்போர்டின் மெல்லிய கம்பிகளும் அதன் துளைகளும் சேர்ந்து 0.2 ஓம் இருந்தாலே 0.4 வோல்ட் காலி. தடித்த கம்பியைக் குட்டையாக நேரே சால்டர் செய். 1000 மைக்ரோஃபாரட் கபாசிட்டரைக் கால்களுக்கு ஒட்டியே வை, ஆனால் அதை மட்டும் நம்பாதே. 2 ஆம்பியரைத் தனியாகக் கொடுக்க நேர்ந்தால், 577 மைக்ரோ விநாடியில் அது ஒரு வோல்ட்டுக்கு மேல் இறங்கிவிடும்.

கடைசியாக, இதையெல்லாம் உன் கடை மேசையில் செய்து திருப்திப்பட்டுவிடாதே. பக்கத்திலேயே டவர் இருந்தால் மாட்யூல் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். உச்சமும் சிறிதாகத்தான் தெரியும். சிக்னல் மெலிந்த கிணற்றடியில்தான் முழு மூச்சில் இழுக்கும். அங்கே ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாவிட்டால், கருவியை இரும்பு பீரோவுக்குள் வைத்து, கதவிடுக்கு வழியாகக் கம்பியை வெளியே எடுத்து அளந்து பார். சிம் ஏர்டெல்லோ பிஎஸ்என்எல்லோ இருக்கட்டும். இந்த மாட்யூல் 2ஜியில்தான் இயங்கும்; ஜியோவுக்கு 2ஜி கிடையாது.

திரையில் வந்த அலையைப் படம் எடுத்து அனுப்பு. தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய லேப் கூட்டாளி