அந்தப் பச்சை வரிகளை அழிக்காதீர்கள்

இரவு வானத்தைப் படம்பிடிக்கும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாசி அமாவாசைக்கு ஜவ்வாது மலையில் பால்வீதியைப் படம்பிடித்தேன். கணினியில் ஏற்றிப் பார்த்தால், கிழக்கு அடிவானத்துக்குச் சற்று மேலே மங்கலான பச்சை வரிகள், உழுத வயல் போல. கேமராக் கோளாறு என்று நினைத்து பச்சை நிறத்தை நீக்கினேன். மூலக் கோப்பையும் அழித்துவிட்டேன். இன்றும் அது மனதை உறுத்துகிறது.

அது கோளாறே அல்ல, வானொளிர்வு: மேல் வளிமண்டலம் தானாகவே மங்கலாக ஒளிர்வது. பகலில் சூரியனின் புறஊதாக் கதிர்கள் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உடைக்கின்றன. பிரிந்த அணுக்கள் இரவில் மறுபடி சேரும்போது, சுமார் 95 கிலோமீட்டர் உயரத்தில் 557.7 நானோமீட்டர் பச்சை ஒளி பிறக்கிறது. இடிமேகம் பொங்கினாலும், காற்று மலையில் மோதி எழும்பினாலும் வளிமண்டலத்தில் அலைகள் கிளம்பும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால், கீழே சிறிதாக இருந்த அலை அங்கே பெரிதாகிறது. ஒளிரும் படலத்தை அது அசைக்கும்போதுதான் அந்த வரிகள் தெரிகின்றன. இந்த அலைகளுக்கு வளிமண்டல ஈர்ப்பு அலைகள் என்று பெயர். ஐன்ஸ்டைன் சொன்ன ஈர்ப்பலைகள் வேறு. 2022 ஜனவரி 15 அன்று பசிபிக் தீவு நாடான டோங்காவில் எரிமலை வெடித்தபோது, வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் வரை அலைகள் பரவியது பதிவாகியிருக்கிறது.

திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. முழு வானத்தையும் காணும் கேமராவால் அங்கே இந்த ஒளிர்வைக் கவனித்திருக்கிறார்கள். ஆனால் ஓரிடத்துக் கேமராவை மேகம் மறைத்தால் அன்றைய இரவு போச்சு. நாமோ மலைமலையாகச் சுற்றுகிறோம். அடிவானத்தை ஒட்டிப் பார்த்தால் பல நூறு கிலோமீட்டர் தள்ளி, வங்கக் கடலுக்கு மேலே இருக்கும் படலம்கூட நம் படத்தில் விழும்.

ஆகவே கேட்கிறேன்: மூலக் கோப்பை வைத்திருங்கள். கேமரா கடிகாரத்தை நொடி பிசகாமல் சரிசெய்யுங்கள். இடத்தையும் திசையையும் லென்ஸையும் குறித்துவையுங்கள். இந்த அலைகள் நிமிடத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் நகரக்கூடியவை. பல நிமிடம் திறந்துவைத்தால் வரிகள் கலங்கிவிடும். 20, 30 நொடிப் படங்களாகத் தொடர்ந்து எடுப்பதே நல்லது. மேகமா ஒளிர்வா என்று சந்தேகம் வந்தால் நட்சத்திரங்களைப் பாருங்கள். மேகம் அவற்றை மறைக்கும், ஒளிர்வு மறைக்காது.

அப்புறம், என் பெரிய ஆசை ஒன்று. ஒரே வரியை ஒரே நொடியில் இரண்டு இடங்களிலிருந்து எடுத்தால், அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நாமே கணக்கிடலாம். வரும் மாசி அமாவாசைக்கு மறுபடி ஜவ்வாது மலைக்குப் போகிறேன். அன்று கொல்லிமலைக்கு யாராவது போக முடியுமா? இருவரும் கிழக்கே கேமராவை வைத்து, அதிகாலை 3 மணிக்குத் தொடங்கலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்